நாற்பது நொடிக்கு ஒருமுறை

மெய்ன் மாநிலத்தின் வடகோடி. நவம்பர் சனிக்கிழமை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
தீயணைப்பு நிலையத்து வண்டியில்
முப்பத்தாறு புகை எச்சரிப்பான்கள்,
ஏணி, துளைக்கருவி,
மூடி தொலைந்த காபிக் குடுவை.
இலவசம் என்று சொன்னால் கதவு திறக்கும்
என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
பாதிக் கதவுகள்தான் திறந்தன.

மிஷோ வீட்டில் கருவி இருந்தது, பேட்டரி இல்லை.
அது பையனின் கித்தார் பெட்டிக்குள்.
"ராத்திரி கச்சேரி இருக்கு" என்றான்
கண்ணை நிமிர்த்தாமல்.
ஓடெட் தன்னுடையதற்குக்
குளியல் தொப்பி மாட்டியிருந்தாள்.
"நெருப்பில்லாம புகையாதுன்னு எவன் சொன்னான்?
நான் ரெண்டு துண்டு பன்றிக்கறி வதக்கினா
இது ஊரைக் கூட்டுது."
அடுப்பைவிட்டுப் பத்தடி தள்ளிப் பொருத்தினேன்.
தொப்பியை வாங்கி முகர்ந்து பார்த்து
குப்பையில் போட்டாள்.

ஏழாவது வீடு ஓனெசீம் வில்லெட்.
படியேறும்போதே எனக்குக் கேட்டுவிட்டது.
கீச்.
ஒற்றைக் கீச். ஊசியால் காதைத் தொட்டதுபோல.
அவருக்குக் கேட்காது.
மரம் அறுக்கும் ஆலை முப்பது வருடத்தில்
அவர் காதுகளையும் அறுத்து எடுத்துக்கொண்டது.
கத்திப் பேசினார், ஊரே செவிடு என்பதுபோல:
"வா வா, நாயைப் பத்திக் கவலைப்படாதே,
அது வெளியே வராது."

நாயின் பெயர் பத்தாத். உருளைக்கிழங்கு என்று பொருள்.
குளியல் தொட்டிக்குப் பின்னால்
சுவரோடு சுவராகக் கிடந்தது.
கீச் என்றதும் அதன் முதுகில்
ஒரு நடுக்கம் கழுத்திலிருந்து வால்வரை ஓடியது.
நாற்பது நொடி.
மறுபடி.

"மார்ச்சுல இருந்தே இப்படி.
மாத்திரை கொடுத்தாச்சு. தலைக்குள்ள ஏதோ போச்சாம்.
சாப்பாட்டையும் அங்கேயே வைக்கிறேன்.
புதன்கிழமைக்கு டாக்டர்கிட்ட
நாள் வாங்கியிருக்கேன்."
எதற்கு நாள் என்று நான் கேட்கவில்லை.

ஏணியில் ஏறினேன். கருவியைத் திருகினேன்.
பழுத்த பல்லின் நிறம்.
பின்பக்கம் தேதி: 1998 மே.
பத்து வருடத்துக்கு மேல் இதை நம்பக் கூடாது.
இருந்த இடத்தில் கூரையில் ஒரு வெள்ளை வட்டம்,
சுற்றிலும் யாரோ ஊதித் தள்ளிய
சிகரெட்டுகளின் மஞ்சள்.
ஊதியது யார் என்றும் கேட்கவில்லை.
புதியது சின்னது.
வட்டத்தை முழுக்க மூடவில்லை.

கீழே இறங்கி, ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினேன்:
பேட்டரி தீர்ந்தால் இது கத்தும்.
எட்டு மாதமாகக் கத்துகிறது.
நாய்க்கு அது கேட்கிறது.

படித்தார். கண்ணாடியைக் கழற்றி
மறுபடி படித்தார்.
பிறகு என் போனை என் கையிலேயே திணித்து
"நீ கூப்பிடு, எனக்கு அவங்க பேசுறது கேட்காது" என்றார்.
சனிக்கிழமை மதியம், மருத்துவமனை பூட்டியிருந்தது.
இயந்திரத்திடம் சொன்னேன்:
வில்லெட். புதன்கிழமை. வேண்டாம்.
"சொல்லிட்டியா? பெயரைச் சரியாச் சொன்னியா?"
இன்னொரு முறை கூப்பிட்டு
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

காது கேளாதவர்களுக்கென்று வேறொன்று இருக்கிறது.
தலையணைக்கடியில் வைக்கும் தட்டு;
புகை வந்தால் கட்டிலையே உலுக்கும்,
விளக்கு மின்னும்.
படுக்கச் சொல்லிச் சோதித்தேன்.
பூட்ஸோடு படுத்தார்.
கட்டில் அதிர்ந்தபோது
"மரியா!" என்று ஒரு கத்து,
அப்புறம் சிரிப்பு, இருமல் வரும்வரை சிரிப்பு.
"இன்னொரு தடவை" என்றார்.

நான் கருவிகளை எடுத்துவைத்தபோது
குளியலறை வாசலில் ஒரு மூக்கு.
அவர் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்து
இன்னும் அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் சொல்லவில்லை.
அதுவே போய் நிற்கட்டும் என்று விட்டேன்.

உருளைக்கிழங்கு வயல்கள் முழுக்க உறைபனி.
இன்னும் நான்கு வீடுகள்.
பக்கத்து இருக்கையில் பழைய கருவி.
பேட்டரியைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
ரயில் தண்டவாளத்தருகே நிறுத்தியபோது
கீச் என்றது.
கேட்டாச்சு, என்றேன்.
கீச்.
கேட்டாச்சு, கேட்டாச்சு.